மூன்றாம் படி, இடமிருந்து நான்கு

இந்த நாற்காலியின் உறை ஓரத்தில் பிரிந்திருக்கிறது, மேடம். ஊசியும் கொஞ்சம் தடித்த நூலும் இருந்தால் பேசிக்கொண்டே தைத்துக் கொடுத்துவிடுவேன். ஸ்டேஷனில் ஊசி கொடுக்க மாட்டார்கள், தெரியும். சும்மா சொன்னேன். பிரிந்த தையலைப் பார்த்தால் எனக்குக் கை ஊறும். முப்பத்தெட்டு வருடப் பழக்கம்.

நீங்கள் இந்த ஊருக்கு மாற்றலாகி வந்து நாலு மாதம்தான் ஆகிறது என்றார்கள். அதனால் முதலிலிருந்தே சொல்கிறேன். இல்லாவிட்டால் ஒரு போட்டோவுக்கா இத்தனை கூத்து என்று நினைப்பீர்கள். என் மகளே அப்படித்தான் நினைக்கிறாள்.

எங்கள் தெருவின் நடுவில் பழைய நகர மண்டபம் இருக்கிறது. அதன் முன்னால் ஏழு கல்படிகள். நூறு வருடத்துக்கு முன்னால், வெயில் தணிந்து குளிர் தொடங்கிய ஒரு நாளில், தெருவில் தொழில் செய்த முப்பத்தொரு பேரை அந்தப் படிகளில் நிற்க வைத்து யாரோ படம் எடுத்தார்கள். எதிரே இருக்கிற தானியக் கிடங்கின் மூன்றாம் மாடியிலிருந்து எடுத்தது. மூட்டைகளைக் கப்பி கட்டி இறக்க அங்கே ஒரு சரக்கு வாசல் உண்டு. வெளியே காலை வைத்தால் காற்றுதான், கைப்பிடி கிடையாது. கிடங்கு இப்போது காட்சியகம் ஆகிவிட்டது. வாசல் அப்படியே இருக்கிறது.

நாற்பது வருடத்துக்கு முன்னால் அந்தப் படம் கிடைத்தது. அன்றிலிருந்து வருடா வருடம் குளிர் தொடங்கும் முதல் ஞாயிற்றுக்கிழமை, அதே படியில் அதே இடத்தில், அவரவர் வாரிசு அதே மாதிரி உடுப்புப் போட்டு நிற்போம். அதே சரக்கு வாசலிலிருந்து படம் எடுப்பார்கள். அதுதான் படிக்கட்டு விழா. முதல் நாள் கடைகளுக்குத் தோரணம், அடுத்த நாள் வாத்தியக்காரர்கள், மூன்றாம் நாள் படம். மூன்றாம் நாள்தான் விழா. மற்றதெல்லாம் ஊருக்காக.

என் தாத்தாவின் இடம் மூன்றாம் படி, இடமிருந்து நான்கு. கழுத்தில் அளவு டேப் தொங்கும். படம் கிடைத்த அன்றே என் அப்பா விரலை வைத்துக் காட்டினார், "இது எங்கப்பா" என்று. கழுத்தில் டேப் போட்டவன் தையல்காரன் இல்லாமல் வேறு யார் என்று எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள். அப்பா பன்னிரண்டு வருடம் நின்றார். அவருக்குப் பின்னால் இருபத்தெட்டு வருடம் நான். கடைப் பலகையைப் பார்த்திருப்பீர்கள். பெயருக்குக் கீழே "மூன்றாம் படி, இடமிருந்து நான்கு" என்று எழுதியிருக்கும். வெளியூர்க்காரர்கள் அதை முகவரி என்று நினைத்துக்கொண்டு மாடிப்படி தேடுவார்கள்.

முப்பத்தொரு பேரின் உடுப்பும் என் கடையில்தான் தைத்தது. வருடம் ஒருமுறை தளர்த்திக் கொடுக்க வேண்டும். பேக்கரிக்காரருக்கு மட்டும் இதுவரை ஒன்பது அங்குலம் தளர்த்தியிருக்கிறேன். "அக்கா, துணி சுருங்குது" என்பார். துணி பாவம், அது என்ன செய்யும்.

விழாவுக்கு ஒரு விதி உண்டு. வாரிசு இல்லாத இடத்தில் வேறு யாரும் நிற்கக் கூடாது. காலியாகவே இருக்க வேண்டும். சாக்பீஸில் வட்டம் போட்டு விட்டுவிடுவோம். இதில் நான்தான் கறார். எட்டு வருடத்துக்கு முன்னால் பூக்கடைப் பெரியவர் இறந்தபோது அவர் எடுத்து வளர்த்த மகன் அந்த இடத்துக்கு வந்து நின்றான். நல்ல மனிதன். நாற்பது வயது, குடும்பஸ்தன். ஆனால் ரத்தம் இல்லையே. நான்தான் கமிட்டியில் எழுந்து சொன்னேன், "இன்னைக்கு இவரை விட்டா நாளைக்கு ரோட்ல போறவங்க எல்லாம் வந்து நிப்பாங்க. அப்புறம் இது பாரம்பரியமா, பஸ் ஸ்டாண்டா?" எல்லாரும் சிரித்துவிட்டார்கள். அவனும் சிரித்துக்கொண்டே கீழே இறங்கினான். அந்த வருடத்திலிருந்து அவன் மேலே சரக்கு வாசலில் நின்று, படம் எடுப்பவரின் இடுப்பு பெல்ட்டைக் கொக்கியில் மாட்டிவிடுகிற வேலையைப் பார்த்தான். ஏதோ ஒன்றாவது கொடுங்கள் என்று அவனே கேட்டு வாங்கிக்கொண்டது.

இந்தப் பெல்ட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு வருகிறேன்.

காட்சியகத்துக்குப் போன வருடம் ஒரு பெண் வேலைக்கு வந்தாள். முப்பத்திரண்டு வயது. பழைய படங்களையும் கண்ணாடித் தகடுகளையும் சுத்தம் செய்கிற வேலை. அவளும் தடித்த கண்ணாடி போட்டிருப்பாள். தெருவில் அவளைக் கண்ணாடி என்றே கூப்பிட ஆரம்பித்துவிட்டோம். கோபித்துக்கொள்ள மாட்டாள். என் கடைக்கு அடிக்கடி வருவாள். வெட்டு மேஜையில் ஏறி உட்கார்ந்துகொண்டு கால் ஆட்டிக்கொண்டே பேசுவாள். வேறு யாரும் அந்த மேஜையில் உட்கார்ந்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவளை நான் ஒன்றும் சொன்னதில்லை. மகள் வீட்டில் இல்லாத குறை இருக்கும் இல்லையா. அவளை எனக்கு மிகவும் பிடிக்கும், மேடம். இதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும்.

விழாவுக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது ஒரு மத்தியானம் ஓடி வந்தாள். மூச்சு வாங்கியது.

"அக்கா, கிடங்குப் பரண்ல ஒரு பெட்டி கிடைச்சுது. உள்ள என்ன தெரியுமா? நம்ம படத்தோட அசல் கண்ணாடித் தகடு. உடையாம இருக்குக்கா."

நானும் சந்தோஷப்பட்டேன். பொய் சொல்லவில்லை. இதுவரை எங்களிடம் இருந்தது மங்கிப்போன ஒரு பிரதி. ஈரம் ஏறி நடுவில் கறை. தகடு கிடைத்தால் எல்லார் முகமும் மூக்கும் முழியுமாகத் தெரியும். கமிட்டிச் செயலாளர், நாங்கள் விசில் அண்ணன் என்று கூப்பிடுவோம், எல்லாரையும் விசில் ஊதியே வரிசையில் நிறுத்துவார், அவர் அன்றைக்கே முடிவு செய்துவிட்டார். ஆள் உயரத்துக்குப் பெரிய படம் போட்டு, மண்டபத்து வாசலில் திரை போட்டு மூடி வைத்து, ஞாயிற்றுக்கிழமை படம் எடுத்து முடித்ததும் திறப்பது. அதுவரை யாருக்கும் காட்டக் கூடாது. திரைச்சீலை தைக்கிற பொறுப்பு எனக்கு. எட்டு மீட்டர் மெரூன் துணி வாங்கினேன்.

ஐந்து நாள் கழித்துக் கண்ணாடி என்னைக் காட்சியகத்துக்கு வரச் சொன்னாள். அவள் அறையில் வெள்ளை வெளிச்சம் போட்ட ஒரு மேஜை. அதன் மேல் தகடு. பக்கத்தில் கம்ப்யூட்டரில் அதே படம், பெரிதாக.

"உங்களுக்கு மட்டும் முன்னாடியே காட்டறேன். நீங்க அங்க வந்து எல்லார் முன்னாடியும் திடுக்குனு பார்க்கக் கூடாதுன்னுதான்" என்றாள்.

மூன்றாம் படி, இடமிருந்து நான்கு. கழுத்திலிருந்து இரண்டு கோடுகளாகத் தொங்கியது டேப் இல்லை. கீழே இரண்டும் சேர்ந்து ஒன்றாகி, முனையில் வட்டமாக ஒரு வில்லை இருந்தது. ஸ்டெதஸ்கோப். காலடியில் நிழல் என்று நாங்கள் நினைத்தது ஒரு தோல் பை. டாக்டர்கள் வைத்திருப்பது.

"அந்தக் காலத்துல மண்டபத்துக்குப் பின்னாடி ஒரு மருந்தகம் இருந்திருக்குக்கா. அந்த டாக்டரா இருக்கணும். குடும்பம் எதுவும் இருந்த மாதிரி தெரியலை" என்றாள் அவள். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "தண்ணி குடிக்கிறீங்களா?" என்று கேட்டாள்.

குடித்தேன். பிறகு மற்ற முப்பது பேரையும் ஒவ்வொருவராகப் பார்த்தேன். என் தாத்தா எங்கேயும் இல்லை.

அவள் கெட்டவள் இல்லை, மேடம். என்னைத் தேற்றத்தான் பார்த்தாள். "இவங்க போட்டிருக்கிற கோட்டெல்லாம் உங்க தாத்தா தைச்சதாத்தான் இருக்கும். அதை எழுதி வைப்போம். படம் முழுக்க அவர்தானேக்கா இருக்கார்?" என்றாள். தையல் உள்பக்கம் இருக்கிறது, கண்ணு, யாரும் புரட்டிப் பார்க்க மாட்டார்கள் என்று சொல்ல நினைத்தேன். வீட்டுக்கு வந்துவிட்டேன்.

இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. அந்த விதியை நினைத்துக்கொண்டேன். வாரிசு இல்லாத இடம் காலி. டாக்டருக்கு வாரிசு இல்லை. என் இடத்தில் சாக்பீஸ் வட்டம் போடுவார்கள். பூக்கடைக்காரனை இறக்கிவிட்ட என்னை, அதே படியிலிருந்து, அதே ஜனங்கள் பார்க்கப் பார்க்க இறக்கிவிடுவார்கள். பஸ் ஸ்டாண்டா என்று நான் கேட்டதை யாராவது ஒருவர் திருப்பிக் கேட்பார். பேக்கரிக்காரர் கேட்பார். அவருக்கு வாய் சும்மா இருக்காது. நாற்பது வருடம் அப்பாவும் மகளும் ஊரை ஏமாற்றினார்கள் என்று பேசுவார்கள். இதைவிடச் சாவு மேல் என்று நினைத்தேன். யாருடைய சாவு என்று அப்போது யோசிக்கவில்லை.

புதன்கிழமை மறுபடியும் போனேன். கெஞ்சினேன். இந்த வயதில் நான் யாரிடமும் கெஞ்சியதில்லை.

"இந்த வருஷம் மட்டும் வேண்டாம்மா. என் மக ஆறு வருஷம் கழிச்சு விழாவுக்கு வரேன்னிருக்கா. நான் நிக்கறதை ஒரு தடவை அவ பார்த்துட்டுப் போகட்டும். அடுத்த வருஷம் திறந்துக்கோ."

"அக்கா, மறைக்கறது தப்பு இல்லையா? வேலைக்குன்னு ஒரு நியாயம் இருக்கே" என்றாள். அதோடு நிறுத்தியிருக்கலாம். என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க எங்க வேணும்னாலும் நில்லுங்க. ஒரு போட்டோதானே. யாரும் இதைப் பெருசா எடுத்துக்க மாட்டாங்க" என்றாள்.

என் மகளும் இதையேதான் சொல்வாள். அம்மா, அது ஒரு போட்டோம்மா.

"வேற யாருக்காவது காட்டினியா?" என்று கேட்டேன்.

"யாருக்கும் இல்லை. அச்சடிச்சதைச் சுருட்டியே கொண்டுவந்தாங்க. நானேதான் மாட்டி, நானேதான் திரை போடப்போறேன்" என்றாள்.

இப்போது பெல்ட். பட்டையான கித்தான் துணி, பின்பக்கம் ஒரு இரும்பு வளையம். சரக்கு வாசலில் நின்று படம் எடுப்பவர் அதை இடுப்பில் கட்டிக்கொள்வார். வளையத்தில் கயிறு, கயிறு சுவரில் இருக்கிற கொக்கியில். போன வருடம் வரை எடுத்த ஸ்டூடியோக்காரருக்கு முட்டி வலி. இந்த வருடம் கண்ணாடியே எடுப்பதாகச் சொல்லியிருந்தாள். ஒவ்வொரு விழாவுக்கும் முன்னால் பெல்ட் என் கடைக்கு வரும். வளையத்தைப் பிடிக்கிற மடிப்பில் ஐந்து வரிசை தையல். அதைப் பிரித்துப் புதிதாகப் போட்டுக் கொடுப்பேன். கித்தான் தைக்கிற மிஷின் தெருவில் என்னிடம் மட்டும்தான் உண்டு. பதினெட்டு வருடமாக நான்தான் செய்கிறேன். ஒரு நூல் கூட நகர்ந்ததில்லை.

வியாழக்கிழமை காலையில் பூக்கடைக்காரன் கொண்டுவந்து கொடுத்தான். "நல்லா தைச்சுக் குடுங்கக்கா, அந்தப் பொண்ணு ரொம்ப எட்டி எட்டிப் பார்க்குது" என்றான். உண்மைதான். அவளுக்குக் கிட்டப்பார்வை. கடைசிப் படி சரியாகத் தெரிகிறதா என்று வெளியே முழு உடம்பையும் சாய்த்துப் பார்ப்பாள். வெள்ளோட்டத்தின்போது நானே பார்த்திருக்கிறேன்.

முதலில் நன்றாகத்தான் தைத்தேன். ஐந்து வரிசை, இரட்டை நூல். கை பழகிவிட்டது. தைத்து முடித்து மேஜையில் வைத்துவிட்டு டீ குடித்தேன். டம்ளரைக் கழுவி வைத்தேன். பிறகு உட்கார்ந்து எல்லாவற்றையும் பிரித்தேன். தைக்க இருபது நிமிடம், பிரிக்க ஒரு மணி நேரம் ஆனது. கித்தானில் பிரிப்பது லேசில்லை, விரல் நகம் போய்விடும்.

கோட்டு தைக்கும்போது துணி நகராமல் இருப்பதற்காக நீள நீளமாக ஒரு ஓட்டுத் தையல் போடுவோம். ஒட்டி வைப்பதற்கு மட்டும்தான் அது. சரியான தையல் போட்ட பிறகு ஒரு இழுப்பில் உருவி எறிந்துவிடுவோம். அந்த மடிப்பில் அதைப் போட்டேன். சட்டை தைக்கிற நூல். மேலே பார்வைக்குத் தடித்த நூலை ஓட்டைகளில் கோத்து ஒட்டினேன். நேராக வந்திருந்தது. ஓட்டுத் தையலைக்கூட என்னால் கோணலாகப் போட முடியாது. இரண்டு மூன்று தடவை கையால் இழுத்துப் பார்த்தால் தாங்கும். ஒரு ஆள் சாய்ந்தால் தாங்காது. அப்படி ஒன்று நடந்துவிட்டால் அன்றைக்குத் திரை திறக்க யாருக்கும் மனசு வராது, அதற்கு மேல் நான் யோசிக்கவில்லை.

நான் தள்ளவில்லை, மேடம். நான் மாடிக்கே போகவில்லை. சாய வேண்டும் என்று அவளுக்கு நான் சொல்லவும் இல்லை.

சனிக்கிழமை சாயங்காலம் கண்ணாடி கடைக்கு வந்து பெல்ட்டை எடுத்துக்கொண்டாள். திரைச்சீலையையும் கொடுத்தேன். "ஓரம் எவ்வளவு அழகா அடிச்சிருக்கீங்க" என்றாள். போகிறபோது திரும்பி, "என் மேல கோபம் இல்லையே?" என்று கேட்டாள். இல்லை என்றேன். அந்த நிமிடம் எனக்கு நிஜமாகவே கோபம் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை நல்ல வெயில். காற்று மட்டும் குளிர்ந்தது. தெரு கொள்ளவில்லை, அவ்வளவு ஜனம். என் மகள் பேரனைத் தூக்கிக்கொண்டு முன்வரிசையில் நின்றாள். நான் தாத்தாவின் கோட்டைப் போட்டு, டேப்பைக் கழுத்தில் போட்டு, என் இடத்தில் ஏறி நின்றேன். விசில் அண்ணன் ஊதினார். மேலே கண்ணாடி தெரிந்தாள். பூக்கடைக்காரன் கயிற்றை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தான். அவளும் இழுத்துப் பார்த்துவிட்டுக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினாள். பக்கத்தில் பேக்கரிக்காரர் ரொட்டித் தட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார்.

கேமராவை ஸ்டாண்டில் நிறுத்தி, கையில் ஒரு ரிமோட் வைத்திருந்தாள். ஒருமுறை அமுக்கினால் இரண்டு விநாடிக்கு ஒன்றாகப் பத்துப் படம் எடுக்கும் என்று எல்லாருக்கும் முன்பே சொல்லியிருந்தாள். "பத்தும் முடியற வரைக்கும் யாரும் அசையக் கூடாது" என்று விசில் அண்ணன் கத்தினார். அவள் அமுக்கினாள். அப்புறம் வலது கோடியில் யாரோ தொப்பியைச் சரிசெய்திருப்பார்கள் போல. அவர்களுக்குக் கை காட்ட வெளியே சாய்ந்தாள்.

நான் அசையவில்லை. அசையக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள்.

மற்றது உங்களுக்குத் தெரியும். அன்றைக்கே பூக்கடைக்காரனை அழைத்துக்கொண்டு போனீர்கள். கயிறு மாட்டியது அவன், எட்டு வருடத்துக்கு முன்னால் விழாவில் அவமானப்பட்டதும் அவன். ஊர் முழுக்க அதையே பேசியது. மூன்று நாளாக அவன் உங்களிடம்தான் இருக்கிறான். அவன் பெண்டாட்டி என் கடைக்கு வந்து அழுதாள். தண்ணீர் கொடுத்து உட்கார வைத்தேன். "ரத்தம் இல்லைன்னா பந்தம் இருக்காதுன்னு ஊரே சொல்லுதுக்கா" என்றாள். ஆறுதல் சொன்னேன். என்ன சொன்னேன் என்று நினைவில்லை. அவள் ரவிக்கையில் ஒரு கொக்கி விட்டுப்போயிருந்தது, அதைத் தைத்து அனுப்பினேன்.

திரையை நீங்கள்தான் விலக்கினீர்கள். நேற்றுக் காலை கடைக்கு வந்து, "மூணாவது படியில டாக்டர் ஒருத்தர் நிக்கறாரே, அது உங்க இடம்தானே?" என்று கேட்டீர்கள். சாதாரணமாகத்தான் கேட்டீர்கள். என் முகத்தில் ஈயாடவில்லை. ஆனால் அதனால் மட்டும் நீங்கள் வரவில்லை என்று எனக்குத் தெரியும்.

இதையும் எழுதிக்கொள்ளுங்கள். எப்படியும் சொல்லத்தான் வேண்டும். என் தாத்தா தனக்கென்று கோட்டு தைத்துக்கொண்ட பேப்பர் அளவு கடையில் இன்னும் இருக்கிறது. வலது தோள் இடது தோளைவிட முக்கால் அங்குலம் இறக்கம். வருடக்கணக்கில் கத்தரி பிடித்தால் தோள் இறங்கிவிடும், அப்பாவுக்கும் அப்படித்தான். என்னைப் பாருங்கள். அப்பா இறந்த வருடம் அந்தக் கோட்டை எனக்காகத் திருத்தினேன். அப்போது படத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். படத்தில் நிற்கிறவருக்கு இரண்டு தோளும் ஒரே மட்டம். கையைக் கட்டி நேராக நிற்கிறார். இருபத்தெட்டு வருடத்துக்கு முன்னால் அது. படத்தை உறையில் போட்டு மூடிவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. என்னிடமே சொல்லிக்கொள்ளவில்லை. ஒவ்வொரு வருடமும் படியில் ஏறியதும் வலது தோளை முக்கால் அங்குலம் தூக்கிப் பிடித்துக்கொள்வேன். இருபது விநாடி பிடிப்பது ஒன்றும் பெரிய கஷ்டம் இல்லை.

நீங்கள் மேஜையில் பரப்பி வைத்திருக்கிற இந்தப் பத்துப் படங்களை இப்போதுதான் முதல் தடவை பார்க்கிறேன். நாலாவது வரை எல்லாரும் ஒழுங்காக நிற்கிறார்கள். ஐந்தாவதில் தலைகள் மேலே தூக்கியிருக்கின்றன. பேக்கரிக்காரர் வாயைத் திறந்திருக்கிறார். ஆறாவதில் அவருடைய ரொட்டித் தட்டு கீழே விழுந்து கிடக்கிறது, விசில் அண்ணன் ஓடுகிறார். ஏழு, எட்டு, ஒன்பதில் வரிசை என்று ஒன்று இல்லை. பத்தாவதில் படிக்கட்டு காலி. சாக்பீஸ் வட்டங்கள் தெரிகின்றன. நான் மட்டும் இருக்கிறேன், மூன்றாம் படியில், டேப்போடு, நேராகப் பார்த்துக்கொண்டு. பத்திலும் நான் ஒரே மாதிரி இருக்கிறேன்.

நீங்கள் இதை வைத்துத்தான் கண்டுபிடித்தீர்கள் இல்லையா? ஒரு மனுஷி விழுகிறாள், படியில் நிற்கிற எல்லாரும் பதறுகிறார்கள், இவள் மட்டும் ஏன் மேலே பார்க்கவே இல்லை என்று. நியாயமான கேள்விதான். பெல்ட்டில் நான் ஓட்டுத் தையல் போட்டேன். தெரிந்தேதான் போட்டேன். பூக்கடைக்காரனை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள்.

இந்தப் பத்தாவது படத்தை மட்டும் கொஞ்சம் பெரிதாகப் போட்டு என் மகளிடம் கொடுப்பீர்களா, மேடம்? தோளைப் பாருங்கள், இரண்டும் ஒரே மட்டம். தாத்தாவே நிற்கிற மாதிரி இருக்கிறது.